ஷேக் ஜர்ராஹ்வில் ஒரு வீடு: தாருத் திஃப்லின் வரலாறு

ஜெரூசலம் நகரின் பழைய மதிலுக்கு வடக்கே, நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், ஷேக் ஜர்ராஹ் என்னும் குடியிருப்புப் பகுதி அமைந்துள்ளது. அரபு மொழியில் ‘ஜர்ராஹ்’ என்பது அறுவை மருத்துவரைக் குறிக்கும். 1187இல் பைத்துல் முகத்தஸை மீட்ட சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களிடம் பணியாற்றிய ஹுஸாமுத்தீன் அல்ஜர்ராஹி என்னும் மருத்துவரின் அடக்கத்தலம் அங்கு இருப்பதால் அப்பகுதிக்கு இப்பெயர் வந்தது. காயங்களுக்கு மருந்திட்ட ஒருவரின் பெயரைத் தாங்கிய அந்தப் பகுதி, இன்று செய்திகளில் வீடு பறிக்கப்பட்டவர்களின் பெயரோடு சேர்ந்தே ஒலிக்கிறது. அதே பகுதியில், வீடிழந்த குழந்தைகளுக்கு வீடாக விளங்கிய ஓர் இல்லத்தைப் பற்றி நம் குடும்பங்களில் மிகச் சிலரே அறிந்திருக்கின்றனர். அதன் பெயர் தாருத் திஃப்லில் அரபி. ‘அரபுக் குழந்தையின் வீடு’ என்பது அதன் பொருள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஜெரூசலம் மக்களில் பெரும்பாலோர் மதிலுக்குள்ளேயே வாழ்ந்தனர். உஸ்மானியர் ஆட்சியின் இறுதிக் காலத்தில் வசதி படைத்த குடும்பங்கள் மதிலுக்கு வெளியே விசாலமான கல்வீடுகளைக் கட்டத் தொடங்கின. ஷேக் ஜர்ராஹ்வில் ஹுஸைனி, நஷாஷீபி, ஜாருல்லாஹ் போன்ற குடும்பத்தினர் குடியேறினர். 1882 முதல் 1897 வரை நகரின் மேயராக இருந்த ஸலீம் அல்ஹுஸைனி 1891இல் அங்கு ஒரு மாளிகை கட்டினார். அக்குடும்பத்தின் மற்றொரு மாளிகையை, அமெரிக்காவின் சிகாகோவிலிருந்து வந்து குடியேறிய கிறிஸ்தவர்கள் முதலில் வாடகைக்கு எடுத்து, பின்னர் விலைக்கு வாங்கினர். அதுவே இன்றைய அமெரிக்கன் காலனி ஹோட்டல். யூதர்கள் புனிதமாகக் கருதும் ஷிம்ஊன் என்னும் குருவின் அடக்கத்தலமும், அதைச் சுற்றிச் சிறிய யூதக் குடியிருப்பும் அப்பகுதியில் இருந்தன. மூன்று சமயத்தாரும் ஒரே கடைத்தெருவில் காய்கறி வாங்கிய காலம் அது.

ஸலீம் அல்ஹுஸைனியின் பேத்தி ஹிந்த் அல்ஹுஸைனி 1916 ஏப்ரல் 25ஆம் நாள் பிறந்தார். ஹிந்த் என்ற பெயர் நம் நாட்டைக் குறிக்கும் அரபுச் சொல்லாகவும் இருப்பதால், நம் பிள்ளைகள் இதைக் கேட்டதும் வியப்படைவதுண்டு. அரபுகளிடையே இது பெண்களுக்கு இடும் பழைமையான பெயர். உம்முல் முஃமினீன் உம்மு ஸலமா (ரலி) அவர்களின் இயற்பெயரும் ஹிந்த் என்பதே. கணவரை இழந்து சிறு பிள்ளைகளோடு நின்ற அவர்களை நபி (ஸல்) அவர்கள் மணந்துகொண்டு, அப்பிள்ளைகளைத் தம் வீட்டிலேயே வளர்த்தார்கள் என்பது நாம் அறிந்ததே.

ஜெரூசலத்து ஹிந்தும் தந்தையற்ற பிள்ளையாகவே வளர்ந்தவர். இரண்டு வயதிலேயே அவர் தந்தையை இழந்தார். தாயும் சகோதரர்களும் தாத்தாவின் குடும்ப ஆதரவில் வாழ்ந்தனர். ஷரீஅத்தின் வரையறைப்படி அவரும் எத்தீமே. ஆயினும் பெரிய குடும்பம், பெரிய வீடு, நல்ல கல்வி ஆகியவை அவருக்குக் கிடைத்தன. முஸ்லிம் பெண்கள் பள்ளியிலும் ஆங்கிலக் கல்லூரியிலும் பயின்று, தாம் படித்த பள்ளிக்கே ஆசிரியையாகத் திரும்பினார். 1940களில் பெண்களின் சமூகநலச் சங்கப் பணியில் ஈடுபட்டு, ஏழைக் குழந்தைகளின் கல்விக்காக உழைத்தார். தந்தை இல்லாமை ஒன்று. ஆதரவு இல்லாமை வேறொன்று. இவ்வேறுபாட்டை அவர் தம் வாழ்வில் கண்டிருந்தார் என்றே எண்ணத் தோன்றுகிறது.

1948 ஏப்ரல் 8ஆம் நாள், ஜெரூசலத்திற்கு மேற்கேயுள்ள கஸ்தல் குன்றில் நடந்த போரில் அப்துல் காதிர் அல்ஹுஸைனி கொல்லப்பட்டார். அவர் அரபுப் படைத் தலைவர். ஹிந்தின் குடும்பத்தைச் சேர்ந்தவர். மறுநாள் வெள்ளிக்கிழமை. அவருடைய ஜனாஸாவுக்காக நகர மக்கள் ஹரம் ஷரீஃபில் திரண்டனர். அதே நாள் அதிகாலையில், நகருக்கு மேற்கே தைர் யாஸீன் என்ற சிற்றூருக்குள் இர்குன், லெஹி என்னும் இரு யூத ஆயுதக் குழுக்கள் நுழைந்தன. 1945இல் அவ்வூரில் 610 பேர் வாழ்ந்தனர். கல்லுடைப்பதும் கல் செதுக்குவதுமே அவர்களின் தொழில். ஜெரூசலத்தின் வெண்கல் வீடுகள் பலவற்றுக்கு அச்சுற்றுவட்டாரக் கற்சுரங்கங்களிலிருந்தே கல் சென்றது. அருகிலிருந்த கிவ்ஆத் ஷாஊல் யூதக் குடியிருப்போடு ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்ற உடன்பாடும் அவ்வூராருக்கு இருந்தது. அது அவர்களைக் காக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பெண்களும் முதியோரும் சிறுவரும் அவர்களுள் அடங்குவர். யூத ஏஜென்சியே இச்செயலைக் கண்டித்தது. அதே ஆண்டு டிசம்பரில் விஞ்ஞானி ஐன்ஸ்டீன் உள்ளிட்ட யூத அறிஞர்கள் அமெரிக்கப் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்திலும் தைர் யாஸீன் கண்டனத்தோடு குறிப்பிடப்பட்டது.

உயிர் பிழைத்த பெண்களும் குழந்தைகளும் வண்டிகளில் ஏற்றப்பட்டு, நகரின் அரபுப் பகுதியருகே இறக்கிவிடப்பட்டனர். பழைய நகரில், கிறிஸ்தவர்களின் புனிதக் கல்லறைத் தேவாலயத்தின் அருகே, பெரியவர் எவரும் உடனில்லாமல் நின்ற குழந்தைக் கூட்டத்தை ஹிந்த் கண்டார். அவர்கள் 55 பேர். எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தபோது தைர் யாஸீன் என்பது தெரியவந்தது. ஹிந்துக்கு அப்போது முப்பத்திரண்டு வயது நிறையச் சில நாள்களே இருந்தன. மணமாகாதவர். கையில் 138 பாலஸ்தீனப் பவுன்கள் இருந்ததாகச் சொல்வர். பழைய நகரில் தம் சங்கத்தின் பொறுப்பிலிருந்த இரண்டு அறைகளில் அவர்களைத் தங்கவைத்து, நாள்தோறும் உணவு கொண்டு சென்றார்.

இங்கு மற்றொரு நிகழ்வையும் சொல்லியாக வேண்டும். நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 13 அன்று, ஸ்கோபஸ் மலையிலிருந்த ஹதாஸா மருத்துவமனைக்குச் சென்றுகொண்டிருந்த வாகனத் தொடரை அரபு ஆயுதப் படையினர் வழிமறித்துத் தாக்கினர். மருத்துவர்களும் செவிலியரும் உட்பட எழுபதுக்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டனர். அது நடந்த இடம் ஷேக் ஜர்ராஹ்; மருத்துவரின் பெயர் தாங்கிய அதே பகுதி. தைர் யாஸீனுக்கான பழிவாங்கல் என்று அதனை நியாயப்படுத்துவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். ஷரீஅத்தில் அதற்கு இடமில்லை. போர்க்களத்தில் பெண்களையும் சிறுவரையும் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயம் கட்டளையிடுகிறது. நம்மவர் சிந்திய இரத்தத்தை மறைத்துவிட்டு நம்மவர் இரத்தத்தை மட்டும் எண்ணிக் காட்டும் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஹிந்தின் செயல் எத்தகைய நாள்களில் நிகழ்ந்தது என்பதும் இதனால் விளங்கும். அவரைச் சுற்றியிருந்த பலர் பழியை எண்ணிக்கொண்டிருந்த வாரத்தில் அவர் ரொட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த அறைகளுக்குச் சென்று வருவது நாளுக்கு நாள் ஆபத்தாயிற்று. தெருக்களில் துப்பாக்கிச் சூடும் குண்டு வீச்சும் ஓயவில்லை. சீயோன் கன்னியர் மடத்தின் தலைவியே முன்வந்து, குழந்தைகளைத் தம் மடத்திற்குக் கொண்டுவந்துவிடுமாறு ஹிந்தை வற்புறுத்தி இணங்கச் செய்தார். குழந்தைகள் இடம் மாறிய சிறிது காலத்தில் அவர்கள் முன்பு தங்கியிருந்த அறைகள் குண்டுக்கு இரையாயின. முஸ்லிம் குழந்தைகள் 55 பேரின் உயிர் கிறிஸ்தவக் கன்னியர் மடத்தின் சுவர்களுக்குள் காப்பாற்றப்பட்டது. மக்காவின் கொடுமை தாங்காமல் ஹிஜ்ரத் சென்ற ஸஹாபாக்களுக்கு அபிசீனியாவின் நஜ்ஜாஷி மன்னர் அடைக்கலம் தந்ததை ஆண்டுதோறும் மேடைகளில் சொல்கிறோம். இதையும் அதனோடு சேர்த்துச் சொல்லலாம்.

போர் நிறுத்தத்திற்குப் பிறகு ஹிந்த் அக்குழந்தைகளை ஷேக் ஜர்ராஹ்வுக்கு, 1891இல் தம் தாத்தா கட்டிய மாளிகைக்கு அழைத்து வந்தார். மேயரின் விருந்தினர் அமர்ந்த கூடங்கள் படுக்கையறைகளாகவும் வகுப்பறைகளாகவும் மாறின. தைர் யாஸீன் குழந்தைகளோடு, வேறு ஊர்களிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களின் குழந்தைகளும் வந்து சேர்ந்தனர். நாடு துண்டாகி, ஏழு இலட்சம் பேர் அகதிகளான ஆண்டு அது. ஷேக் ஜர்ராஹ் ஜோர்தானின் ஆட்சிக்குட்பட்ட கிழக்குப் பகுதியில் நின்றது. நகரை இரண்டாகப் பிளந்த எல்லைக்கோடும், அதைக் கடக்கும் மண்டல்பாம் வாயிலும் அதன் அருகிலேயே இருந்தன. குழந்தைகள் சிலருக்குத் தாய் ஒருபுறமும் உறவினர் மறுபுறமுமாக இருந்திருக்கக்கூடிய நிலை.

ஹிந்த் அவ்வில்லத்துக்கு இட்ட பெயரைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். எத்தீம்களுக்கான இல்லங்கள் ஜெரூசலத்துக்குப் புதியவை அல்ல. 1860இல் சிரியாவிலும் லெபனானிலும் நிகழ்ந்த கலவரங்களில் தாய் தந்தையரை இழந்த சிறுவருக்காக ஷ்னெல்லர் என்னும் ஜெர்மானியப் பாதிரியார் ‘சிரிய அநாதை இல்லம்’ அமைத்தார். முஸ்லிம்கள் தரப்பில் 1922இல் இஸ்லாமியத் தொழிற்பள்ளியாக ‘தாருல் அய்தாம்’ தோன்றியது. சுல்தான் ஸுலைமானின் மனைவி குர்ரம் சுல்தான் 1552இல் ஏழைகளுக்கு உணவளிக்க நிறுவிய தகிய்யா வளாகத்தில் அது இயங்கியது. அந்த அடுப்பு நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக எரிந்து வருவது தனிக் கட்டுரைக்குரிய செய்தி. ‘அநாதை இல்லம்’, ‘தாருல் அய்தாம்’ ஆகிய பெயர்களைக் கேட்டாலே உள்ளே இருப்பவர்கள் எதை இழந்தவர்கள் என்பது தெரிந்துவிடும். ‘தாருத் திஃப்ல்’ என்ற பெயரிலோ குழந்தை மட்டுமே இருக்கிறது, இழப்பு இல்லை. எங்கே படிக்கிறாய் என்று தெருவில் யாரேனும் கேட்டால், தலை தாழ்த்தாமல் ஒரு சிறுமி சொல்லக்கூடிய பெயர் அது.

நம் ஊர்களில் ‘எத்தீம்கானா’ என்ற பலகையின் கீழே நடந்து பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். எத்தீம் என்ற சொல்லில் இழிவு இல்லை. நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்களே எத்தீமாகப் பிறந்தவர்கள். ஆனால் ஒரு சொல்லின் கண்ணியம் அகராதியால் அமைவதில்லை, அதைச் சொல்பவர்களின் பார்வையால் அமைகிறது. ரமளானில் கைப்பேசியோடு வந்து, புத்தாடையைக் குழந்தையின் கையில் வைத்துப் படமெடுத்து, அதை உறவினர்க்கெல்லாம் அனுப்பும் வழக்கம் பெருகிவிட்டது. கொடுப்பவரின் முகமும் பெயரும் தெரிய வேண்டுமென்றால் தெரியட்டும்; வாங்கும் குழந்தையின் முகம் எதற்கு? பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குத் தன் படம் எங்கெல்லாம் போகும் என்பது தெரியும். அவளுடைய வகுப்புத் தோழியின் தந்தையும் அந்தப் படத்தைப் பார்ப்பார்.

ஃபிக்ஹ் நூல்களின்படி, பருவமடையும் முன் தந்தையை இழந்த பிள்ளையே எத்தீம். பருவமடைந்ததும் அப்பெயர் நீங்கிவிடும். ஆனால் எத்தீமின் பொருளைத் திருப்பி ஒப்படைப்பது பற்றி அன்னிஸா அத்தியாயம் பேசும்போது, பருவ வயதோடு நிறுத்தவில்லை. அவர்களிடம் பகுத்தறியும் பக்குவம் இருக்கிறதா என்று சோதித்தறியச் சொல்கிறது. பக்குவத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் அதைக் கற்பித்திருக்க வேண்டும். பதினான்கு வயதில் ஒரு பெண்ணை ‘இனி நீ எத்தீம் அல்ல’ என்று சொல்லி, கிடைத்த முதல் வரனுக்குக் கட்டிக்கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்வது இந்த வசனத்தின் நோக்கத்துக்கு மாறானது.

எத்தீம் பெண்களைத் தனியாகவே குர்ஆன் குறிப்பிட்டுள்ளது என்பதையும் மறந்துவிடுகிறோம். உர்வா (ரஹ்) அவர்கள் அன்னிஸாவின் மூன்றாம் வசனத்தைப் பற்றித் தம் சிறிய தாயார் ஆயிஷா (ரலி) அவர்களிடம் விளக்கம் கேட்டபோது, பொறுப்பாளரின் ஆதரவில் வளரும் எத்தீம் பெண்ணின் பொருளுக்கும் அழகுக்கும் ஆசைப்பட்டு, உரிய மஹர் கொடுக்காமல் அவளை மணந்துகொள்ள எண்ணுவோரைத் தடுக்கவே அது இறங்கியது என்று அன்னையார் விளக்கினார்கள். அன்றைய அரபுச் சமூகத்தில் எத்தீம் பெண்ணுக்கு ஆபத்து வெளியிலிருந்து மட்டும் வரவில்லை; பாதுகாப்பவன் என்ற பெயரிலும் வந்தது. ஆதலால்தான் எத்தீம் பெண்களின் இல்லத்திற்கு நல்ல நோக்கம் மட்டும் போதாது. கணக்கு, மேற்பார்வை, கேள்வி கேட்கும் ஜமாஅத் ஆகிய அனைத்தும் வேண்டும்.

அதே ஆயிஷா (ரலி) அவர்களைப் பற்றிய மற்றொரு செய்தி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஜகாத் பாடத்தில் உள்ளது. தம் சகோதரரின் எத்தீம் பெண் மக்களை அன்னையார் தம் பொறுப்பில் வைத்து வளர்த்தார்கள். அச்சிறுமியரிடம் நகைகள் இருந்தன. அந்நகைகளுக்கு அன்னையார் ஜகாத் எடுக்கவில்லை. அணியும் நகைக்கு ஜகாத் கடமையா என்ற விவாதத்தில் ஷாஃபிஈ மத்ஹபினர் இதனை ஆதாரமாகக் காட்டுவர். ஹனஃபி மத்ஹபினர் வேறு ஆதாரங்களால் மறுப்பர். மத்ரஸாக்களில் அந்த விவாதத்தோடு பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஜகாத் சட்டத்தைத் தாண்டி இதில் மற்றொன்றும் இருக்கிறது. மதீனாவில், நபி (ஸல்) அவர்களின் மனைவியின் ஆதரவில், தந்தையற்ற பெண் குழந்தைகள் நகை அணிந்து வளர்ந்தார்கள். எத்தீம் என்பதற்காக அவர்களின் கழுத்து வெறுமையாக இருக்க வேண்டுமென்று எவரும் எண்ணவில்லை. நம் எத்தீம்கானாக்களில் பெண் குழந்தைகளின் கூந்தலை ஒட்ட நறுக்கிவிடும் வழக்கத்தைப் பேன், பராமரிப்பு என்று எப்படி விளக்கினாலும், இந்தச் செய்தியோடு ஒப்பிடும்போது நெஞ்சு உறுத்தவே செய்கிறது.

ஹிந்த் தம் இல்லத்தைச் சோறு போடும் இடமாக மட்டும் நடத்தவில்லை. அதனைப் பள்ளியாக்கினார். மழலையர் வகுப்பில் தொடங்கி மேல்நிலை வகுப்பு வரை அது வளர்ந்தது. இல்லத்தில் தங்கும் பிள்ளைகளோடு, பெற்றோருடன் வாழும் நகரத்துப் பிள்ளைகளும் அதே வகுப்புகளில் அமர்ந்து படித்தனர். இது சிறிய செய்தியன்று. நகரின் வசதியான குடும்பங்கள் தங்கள் மகள்களை அனுப்பும் அளவுக்குத் தரமான பள்ளியாக அது இருந்ததால்தான், தாய் தந்தையற்ற பெண்ணுக்கும் அதே தரம் கிடைத்தது. தருமத்திற்குத் தரக்குறைவானது போதும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பழைய துணி, மிஞ்சிய பிரியாணி, சம்பளம் குறைந்த ஆசிரியை. நேசிக்கும் பொருளிலிருந்து செலவிடாதவரை நன்மையை அடைய முடியாது என்று ஆலஇம்ரானில் படித்துக்கொண்டேதான் இதையும் செய்கிறோம். ஹிந்த் கொடுத்தது தாம் பிறந்த குடும்பத்தின் மாளிகை.

செலவுக்காக அவர் வாழ்நாள் முழுவதும் அலைந்தார். உலகின் பல நாடுகளிலிருந்து நிதி திரட்டினார். அவர் மணம் செய்துகொள்ளவே இல்லை. இதை முன்மாதிரியாகச் சொல்ல வரவில்லை; நிகாஹ் நம் நபியின் ஸுன்னத். ஆனால் சிலருக்கு அல்லாஹ் வேறு வகையில் குடும்பத்தைத் தருகிறான். அவருடைய பிள்ளைகள் அவரை ‘ஸித் ஹிந்த்’ என்றும் ‘மாமா ஹிந்த்’ என்றும் அழைத்தனர். அங்கு ‘மாமா’ என்பது அம்மா. பிள்ளைகளோ தத்தம் தந்தையரின் பெயராலேயே அறியப்பட்டனர். வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களின் தந்தையர் பெயராலேயே அழையுங்கள் என்று அல்அஹ்ஸாப் அத்தியாயம் ஸைத் (ரலி) அவர்கள் விஷயத்தில் விதித்தது ஏன் என்பது, ஊரே அழிக்கப்பட்ட பிள்ளைகளை நினைக்கும்போது நன்கு விளங்குகிறது. அவர்களிடம் எஞ்சியிருந்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான். அன்பின் பெயராலும் அதைப் பறித்துவிடக் கூடாது.

1967இல் நடந்த ஆறு நாள் போரில் கிழக்கு ஜெரூசலம் இஸ்ரேலின் ஆக்கிரமிப்புக்குள் வந்தது. அதன் பிறகு அவ்வில்லம் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாயிற்று. அரசுப் பள்ளிகளில் இஸ்ரேலியப் பாடத்திட்டத்தைத் திணிக்கும் முயற்சி நடந்தபோது, பெற்றோர் பலர் தங்கள் பிள்ளைகளை ஜோர்தானியப் பாடத்திட்டத்தைத் தொடர்ந்த தனியார் பள்ளிகளுக்கும் வக்ஃப் பள்ளிகளுக்கும் மாற்றினர். தாருத் திஃப்ல் போன்ற பள்ளிகள் அக்காலத்தில் நகரத்து முஸ்லிம் பெண்களின் கல்விக்குத் தூணாக நின்றன. 1982இல் ஹிந்த் பெண்களுக்கான கலைக் கல்லூரி ஒன்றையும் தொடங்கினார். பள்ளியிறுதிக்குப் பின் தொலைவிலுள்ள ஊருக்கு மகளை அனுப்பத் தயங்கிய குடும்பங்களுக்கு அது பெரும் வாய்ப்பாக அமைந்தது.

மாளிகையின் வளாகத்தில் பாலஸ்தீன மரபுப் பொருள்களின் அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. ஊர் ஊராகப் பெண்கள் தையல் வேலைப்பாட்டோடு அணிந்த ஆடைகள் அங்கே பேணப்படுகின்றன. பாலஸ்தீனப் பெண்கள் தத்ரீஸ் என்று அழைக்கும் அந்தக் குறுக்குத் தையலில், வட்டாரத்துக்கு வட்டாரம் வண்ணமும் வடிவமும் மாறும். உடையைப் பார்த்தே அணிந்தவள் எந்த ஊர்ப் பக்கத்தவள் என்று மூதாட்டிகள் சொல்லிவிடுவர். 1948இல் ஊர்கள் பல அழிந்தன. ஆடைகளில் அவற்றின் அடையாளம் தங்கியிருந்தது. ஊரை இழந்த பெண்களை வளர்த்த இல்லம் ஊர்களின் ஆடைகளையும் சேர்த்து வைத்தது பொருத்தமே. சற்றுத் தொலைவில், 1948 தொடக்கத்தில் மறைந்த அரபு இலக்கிய அறிஞர் இஸ்ஆஃப் அன்னஷாஷீபியின் வீடும் தாருத் திஃப்லின் பொறுப்பில் பண்பாட்டு மையமாகவும் நூலகமாகவும் ஆயிற்று.

சுற்றியிருந்த பகுதியோ நிம்மதியாக இருக்கவில்லை. 1956இல் ஜோர்தான் அரசும் ஐ.நா.வின் அகதிகள் நிவாரண அமைப்பும் சேர்ந்து ஷேக் ஜர்ராஹ்வில் 28 அகதிக் குடும்பங்களைக் குடியமர்த்தின. 1948க்கு முன் அந்நிலம் யூத அறக்கட்டளைகளுக்கு உரியது என்ற வழக்கால் அவர்களின் வீடுகள் கேள்விக்குள்ளாயின. 1948க்கு முந்தைய யூதச் சொத்துகளை மீட்க இஸ்ரேலியச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதே ஆண்டு மேற்கு ஜெரூசலத்தில் வீடிழந்த அரபுகளுக்கு அத்தகைய வழி இல்லை. வழக்கின் முடிச்சு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும். 2008இலும் 2009இலும் சில குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 2021 மே மாதம் மேலும் சில குடும்பங்களின் வழக்கே உலகின் பார்வையை அங்கே திருப்பியது. தாருத் திஃப்லுக்கு அருகிலேயே, ஹுஸைனி குடும்பத்தார் 1897இல் கட்டிய மற்றொரு மாளிகையான ஓரியண்ட் ஹவுஸ், பாலஸ்தீன அரசியல் அலுவலகமாக இயங்கிய நிலையில் 2001 ஆகஸ்டில் இஸ்ரேல் அரசால் மூடப்பட்டது. ஒரே தெருவில் ஒரு மாளிகையின் கதவு அடைபட, மற்றொரு மாளிகையின் கதவு பள்ளி மணியோடு ஒவ்வொரு காலையும் திறந்தது.

ஹிந்த் அல்ஹுஸைனி 1994 செப்டம்பர் 13ஆம் நாள் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவரிடம் வளர்ந்த மாணவியருள் ஒருவரான ரூலா ஜிப்ரீல் பத்திரிகையாளராகி, அவ்வில்லத்து வாழ்வைப் பின்னணியாகக் கொண்டு எழுதிய நாவல் 2010இல் ‘மிரால்’ என்னும் பெயரில் திரைப்படமாக வந்தது. இயக்கியவர் ஜூலியன் ஷ்னாபெல் என்ற அமெரிக்க யூதர். மேற்கு நாடுகளில் பலர் ஹிந்தின் பெயரை முதன்முதலாகக் கேட்டது அதன் வழியாகவே.

தைர் யாஸீனில் எஞ்சிய கல்வீடுகள் சில இன்றும் நிற்கின்றன. 1951 முதல் அவை ஒரு மனநல மருத்துவமனையின் வளாகத்துக்குள் இருக்கின்றன. வேலியைத் தாண்டி ஊர்க்காரர்கள் உள்ளே செல்ல இயலாது. ஷேக் ஜர்ராஹ்வில் ஹிந்த் தொடங்கிய பெண்கள் கல்லூரி, குத்ஸ் பல்கலைக்கழகத்தின் அங்கமாகி அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. 1891இல் கட்டிய மாளிகையைச் சுற்றி எழுந்த பள்ளியில் வகுப்புகள் தொடர்ந்து நடைபெற்று வருகின்றன.